கவுண்டருக்குள்ளிருந்து வந்த கை

ஜூன் 3, செவ்வாய்

வினோபாவின் வீடியோ இன்று இரண்டு லட்சம் பேரைத் தாண்டிவிட்டது. நாசமாய்ப் போகட்டும்.

பின்னால் யாராவது இந்த டைரியைப் படித்து, மங்கையர்க்கரசி காரணமில்லாமல் ஒருத்தனைச் சபித்தாள் என்று நினைத்துவிடக்கூடாது. அதனால் முதலிலிருந்தே எழுதி வைக்கிறேன்.

'எட்டாம் நடைமேடை' என்று ஒரு சீரியல் வந்தது. ஒரு சீசன்தான். இரண்டே நடைமேடை உள்ள ஒரு சின்ன ஸ்டேஷன். தினமும் சாயங்காலம் வண்டி எட்டாவது நடைமேடைக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். சனங்களும் மூட்டை முடிச்சோடு காத்திருப்பார்கள். அந்த வண்டிக்கு டிக்கெட் கொடுப்பவள் தமயந்தி. அவள் புருஷன் முதல் வாரமே அதில் ஏறிப் போய்விடுவான், திரும்பி வரமாட்டான். கடைசிக் காட்சியில் தமயந்தி கவுண்டரில் 'மூடப்பட்டது' அட்டையை மாட்டிவிட்டு வெளியே நடந்து போகிறாள். கேமரா கவுண்டர் முன்னாலேயே நிற்கிறது. உள்ளே நாற்காலி காலி. வெளியிலிருந்து ஒரு கை நீள்கிறது. உள்ளிருந்து இன்னொரு கை வந்து டிக்கெட்டைக் கொடுக்கிறது. முற்றும்.

அந்தக் கை யாருடையது? இதற்காகவே டெலிகிராமில் எங்களுக்கு ஒரு குழு. முடிவு தெரியாத சீரியல், முடிவு புரியாத கம்ப்யூட்டர் விளையாட்டு, எல்லாவற்றையும் அங்கே போட்டு அலசுவோம். கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் உண்டு. அங்கே பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. எனக்கு வினோபா கிடைத்தான். கரூர்ப் பையன், என்னைவிட ஒன்பது வயது சின்னவன். நேரில் பார்த்ததில்லை. ஆனால் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து நடந்து வருகிற வழியெல்லாம் ஃபோனில் அவன்தான்.

போன வருஷம் நான்தான் கண்டுபிடித்தேன். இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்குக் கீழே ஒரே சூட்டுத் தழும்பு இருக்கிறது. இரண்டுமே தமயந்தியின் கை. அவளே அவளுக்கு டிக்கெட் கொடுத்துக்கொள்கிறாள். இனி எவனுக்காகவும் காத்திருக்கப்போவதில்லை, கிளம்புகிறாள். அவனிடம்தான் முதலில் சொன்னேன். "அக்கா, எனக்குப் புல்லரிக்குது" என்றான். குழுவில் உடனே போடவேண்டாம், திருச்சிக்கு வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம் என்றான்.

வரவில்லை. ஜனவரியில் அவனுடைய யூடியூப் சேனலில் வந்தது. "ஒருநாள் பஸ்ல போயிட்டிருக்கும்போது எனக்குத் தோணிச்சு" என்று ஆரம்பிக்கிறான். பஸ்ஸில் தோன்றியதாம். அது என்னுடையது என்று குழுவில் எழுதினேன். யாரோ ஒருவர், எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் போட்டார். அன்றிலிருந்து வினோபா எனக்கு ஃபோன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் வாயாலேயே என் பேர் வரவேண்டும். வராவிட்டால் அவன் பேர் கெடவேண்டும்.

ஜூன் 5, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வினோபா புது மைக் வாங்கியிருக்கிறான். இளைத்துப்போயிருக்கிறான். நன்றாக இளைக்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

இன்று கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் கண்ணாடிக் கடைக்குத் தீபாவளி மாதிரி. பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நாளில் கரும்பலகை தெரியாமல் போய்விடுகிறது. ஒரு அம்மா ஃப்ரேமை வளைத்துப் பார்த்து உடைத்துவிட்டு, ஏற்கெனவே உடைந்துதான் இருந்தது என்று சண்டைக்கு வந்தாள். வாயை மூடிக்கொண்டேன். என் சண்டை வேறு ஆளோடு.

மதியம் குழுவில் அறிவிப்பு வந்தது. ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் கடைசி மூன்று பாகங்களைப் பெரிய திரையில் போடுகிறார்கள். இயக்குநர் பரிதி வேலாயுதம் வருகிறார். அவரோடு மேடையில் உட்கார்ந்து கேள்வி கேட்கப்போவது யார்? வினோபா. 'முடிவின் முடிச்சை அவிழ்த்தவர்' என்று அவன் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே சாப்பிட்டதில் ரசம் விடாமலேயே எழுந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிவகுருநாதன் அந்தச் சீரியலில் ஒரே ஒரு பாகம் பார்த்திருக்கிறார், அதுவும் கரண்ட் போகிறவரை. "அந்தக் கை லைட்பாய் கையா இருக்கும் அரசி. டிக்கெட் கொடுக்க ஆள் கிடைச்சிருக்கமாட்டான்" என்றார். இவரோடு பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அதை யாரும் வீடியோ போடவில்லை.

ஆனால் பாத்திரம் கழுவும்போது யோசனை வந்தது. மேடையில், பரிதி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு மூக்கறுபட்டால்?

ஜூன் 12, வியாழன்

பல்வலி என்று கடைக்கு லீவு சொன்னேன். பல் நன்றாகத்தான் இருக்கிறது.

சீரியல் முடிந்த மறுவருஷம் அதையே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாகவும் செய்தார்கள். ஸ்டேஷன் முழுக்க நாம் சுற்றலாம். எதைத் தொட்டாலும் தமயந்தி ஒரு வரி பேசுவாள், குரல் கிடையாது, திரையில் எழுத்தாக வரும். கடைசியில் அதுவும் புரியாமல்தான் முடியும். கொஞ்சம் சிடிதான் போட்டார்கள், கம்பெனியையும் மூடிவிட்டார்கள். குழுவில் பாதிப் பேர் அப்படி ஒன்று இருந்ததையே நம்பமாட்டார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் பழைய சாமான் விற்கிறவரிடம் பேரம் பேசி வாங்கி, கலர்க் காகிதம் சுற்றி வைத்திருந்தேன். யாருக்கு என்று இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை. இன்று காகிதத்தைக் கிழித்தேன்.

சிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால், தமயந்தி பேசுகிற வரிகள் எல்லாம் உள்ளே சாதாரண எழுத்தாகவே கிடக்கின்றன. ஒன்றை அழித்துவிட்டு நம் இஷ்டத்துக்கு எழுதினால், விளையாட்டுக்குள் அவள் அதைச் சொல்வாள். டிக்கெட் அறைக் கடிகாரத்தைத் தொட்டால் "மணி சரியாக ஓடவில்லை" என்பாள். அதை எடுத்துவிட்டேன்.

என் கண்டுபிடிப்புக்கு நேர் எதிராக ஒன்று வேண்டும். அப்போதுதான் அவன் ஜனவரியில் சொன்னதையே மேடையில் மறுத்துப் பேசிச் சிரிப்பாய்ச் சிரிக்கவேண்டி வரும். பரிதி ஒரு பேட்டியில் விளையாட்டின் ஒவ்வொரு வரியும் தன் கைப்பட எழுதியது என்று பெருமையடித்திருக்கிறார். இதைப் படித்துக் காட்டினால், "தம்பி, இது நான் எழுதினதே இல்லையே" என்பார். அரங்கமே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவன் முகம் போகிற போக்கை நான் முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

எழுதியது இது: "மூடப்பட்டதுன்னு அட்டை மாட்டினது ஊருக்காக. நடந்து போனதும் ஊருக்காக. நான் உள்ளேதான் இருக்கேன். வந்தா டிக்கெட் தரணுமே."

யோசிக்கக்கூட இல்லை, ஒரே மூச்சில் வந்துவிட்டது. எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போனது. கண் கரித்தது. காலையில் வெங்காயம் நிறைய நறுக்கியிருந்தேன்.

ஜூன் 14, சனி

'பழைய சிடி பாஸ்கர்' என்ற பேரில் டெலிகிராமில் புதுக் கணக்கு ஆரம்பித்து, தமயந்தி அந்த வரியைச் சொல்வதைப் படம்பிடித்து வினோபாவுக்கு அனுப்பினேன். சிடி கீறல் விழுந்தது, ஒருமுறைதான் ஓடியது, இனி ஓடாது என்று எழுதினேன். மளமளவென்று பொய் வருகிறது. இத்தனை நாள் இந்தத் திறமையை வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடி விற்றிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பதில் வந்தது. "நண்பா, இதை யார்கிட்டயும் காட்டிடாதீங்க. ப்ளீஸ்."

இட்லிக்கு அரைத்தேன். பாட்டுக்கூடப் பாடினேன் போலிருக்கிறது, இவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 20, வெள்ளி

அவன் சின்னதாக ஒரு வீடியோ போட்டிருக்கிறான். அந்த வரியை எழுத்தாகக் காட்டி, இது தன் நீண்ட தேடலில் கிடைத்தது, தான் முன்பு சொன்ன விளக்கம் தப்பாக இருக்கலாம், பதின்மூன்றாம் தேதி இயக்குநரிடமே கேட்கப்போகிறேன் என்கிறான்.

நீண்ட தேடலாம். பாஸ்கர் பேரைக்கூடச் சொல்லவில்லை. இல்லாத மனுஷனிடமிருந்தும் திருடுகிற பிறவி. எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. என்னுடையதை அவனுடையதாகச் சொன்னபோது என் தொண்டையில் முள்ளாய் நிற்கவில்லையா? இப்போது அந்த முள்ளை அவனே ஆசையாக விழுங்கிக்கொண்டிருக்கிறான்.

வீடியோவை நாலு தடவை பார்த்தேன். நடுநடுவே இருமுகிறான். கரூர்ப் பக்கம் தூசி ஜாஸ்தி.

ஜூன் 24, செவ்வாய்

எரிச்சலான நாள்.

குழுவில் நசீமா என்று ஒருத்தி இருக்கிறாள். வாணியம்பாடியில் நர்ஸ், எங்களில் பொறுமைசாலி. அவள் கடைசிக் காட்சியைப் பெரிதாக்கி ஒரு படம் போட்டிருக்கிறாள். காலி நாற்காலிக்குப் பக்கத்து மேஜையில் ஒரு டம்ளர். அதிலிருந்து ஆவி வருகிறது. கிளம்பிப் போகிறவள் சூடாக டீயை ஏன் ஊற்றி வைத்துவிட்டுப் போகிறாள்? தமயந்தி போகவே இல்லை, அந்த வரி உண்மை என்று எழுதியிருக்கிறாள். அப்புறம் கேட்கவேண்டுமா, ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் மின்விசிறி சுற்றுவதைக் காட்டுகிறார். இன்னொருவர் கொடியில் அவள் குடை தொங்குகிறது, மழைக்காலத்தில் குடையில்லாமல் எங்கே போனாள் என்கிறார்.

எங்கள் கூட்டத்தின் வியாதியே இதுதான். ஒன்றை நம்பிவிட்டால் அதற்குச் சாட்சி எங்கிருந்தாவது வந்துவிடும். பொய்யை நான் செய்தேன், அதற்கு வேரும் விழுதும் இவர்கள் வைக்கிறார்கள்.

ஆனாலும் அந்த டம்ளரில் ஆவி வரத்தான் செய்கிறது. கடையில் ஒரு பெரியவருக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் பதில் சொன்னதே என் காதில் விழவில்லை. என் விளக்கத்தில் அந்த டம்ளருக்கு இடமில்லை. இத்தனை வருஷம் எப்படிப் பார்க்காமல் விட்டேன்? தழும்பைப் பார்த்தவளுக்கு டம்ளர் தெரியவில்லை.

அது தற்செயல். படப்பிடிப்பில் யாரோ குடிக்க வைத்தது. அவ்வளவுதான்.

ஜூலை 1, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி வழிந்தது. டம்ளர் தற்செயல்தான்.

ஜூலை 8, செவ்வாய்

ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. யாரைப் பார்க்கச் சென்னை என்று இவர் கேட்டார். ஒருத்தன் அவமானப்படுவதைப் பார்க்க என்றேன். "அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம், நம்ம சொந்தக்காரங்க வீட்டுக்கே போலாமே" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பையனோட பேசிடேன் அரசி. நீ ஃபோன்ல சிரிச்சுக்கிட்டே வர்றது தெருமுனையிலேயே கேக்கும். ஆறு மாசமா வீடு அமைதியாயிருக்கு" என்றார்.

இவருக்கு என்ன தெரியும். நான் அமைதியாக இருப்பது திட்டம் போடுவதற்காக.

ஜூலை 14, திங்கள்

நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதவேண்டும். கடைக்குப் போகவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. முன் வரிசை கிடைக்கவில்லை, ஐந்தாவதில் உட்கார்ந்தேன். மூன்று பாகங்களையும் போட்டார்கள். கடைசிக் காட்சியில் கை வந்தபோது எல்லாரும் கையையே பார்த்தார்கள். நான் கையைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தேன். பெரிய திரையில் நன்றாகவே ஆவி பறக்கிறது.

பிறகு விளக்குப் போட்டு, மேடையில் இரண்டு நாற்காலி. பரிதி வேலாயுதம் நரைத்த தாடி, கதர் ஜிப்பா. வினோபா இஸ்திரி போட்ட சட்டை. வீடியோவில் தெரிவதைவிடச் சின்னப் பையனாக இருந்தான். காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது.

சுற்றி வளைத்து நாலு கேள்வி கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான். திரையில் நான் அனுப்பிய படம் ஓடியது. தமயந்தி என் வரியைச் சொன்னாள். அத்தனை பேருக்கு நடுவில் அதைப் பார்த்தபோது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இதோ இப்போது, இதோ இப்போது என்று காத்திருந்தேன்.

பரிதி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பிறகு, "இவ்ளோ வருஷம் ஆச்சு, இதை ஒருத்தர் கண்டுபிடிக்க" என்றார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் ஒரு பெண் அழுதாள். வினோபா கும்பிட்டான்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். என் அடுப்பங்கரையில், வெங்காயக் கையோடு நான் எழுதிய வரி அது. இந்த மனுஷனுக்கு முடிவு என்ன என்றே தெரியாது. தெரிந்திருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார். யாராவது நல்லதாக ஒன்று கொண்டுவரட்டும், ஆமாம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். இவருடைய தலையில் இல்லாத ஒன்றுக்காக நாங்கள் சண்டை போட்டு, அழுது, உறவை முறித்துக்கொண்டிருக்கிறோம். வயிறு எரிந்தது. வினோபா மேல் இருந்ததற்கும் மேலாக எரிந்தது.

கேள்வி கேட்க மைக் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

"சார், அந்த வரியை எப்ப எழுதினீங்க?"

"கடைசி நாள் ஷூட்டிங் அன்னிக்கும்மா. மழை. யாரும் இல்லாத ஸ்டேஷன். தமயந்தி எங்கிட்ட சொன்னா, நான் எழுதிக்கிட்டேன்."

மறுபடியும் கைதட்டல். ஆனால் வினோபா கைதட்டவில்லை. நான் பேசியதுமே அவன் தலை திரும்பிவிட்டது. என் முகம் அவனுக்குத் தெரியாது, குரல் தெரியும். அதற்குப் பிறகு அவன் பரிதியைப் பார்க்கவே இல்லை.

வெளியே ஆட்டோ பிடிக்க நின்றபோது ஓடி வந்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "அரசியக்காதானே?" என்றான். கைகாட்டி நிறுத்திய ஆட்டோவில் ஏறாமல் நின்றேன்.

"ஜனவரி வீடியோல உங்க பேரைச் சொல்லியிருக்கணும்க்கா. தப்புதான், மன்னிச்சிருங்க." மூச்சு விடாமல் அடுத்தது வந்தது. "இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த வரி உங்களோடதா?"

ஆறு மாசமாக நான் கேட்க ஏங்கிய மன்னிப்பு. சாப்பிட உட்காரும் முன் கை கழுவுகிற மாதிரி அதைச் சொல்லிவிட்டு, அவனுக்கு வேண்டியதற்கு இலையைப் போட்டுவிட்டான். அவனுக்கு என்மேல் வருத்தமில்லை, வெட்கமில்லை. விடை தெரியவேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தில் என் மனசு கல்லாகிவிட்டது.

"ஏன் கேக்கறே?" என்றேன்.

பாஸ்கருக்குச் செய்தி போட்டால் பதிலே வருவதில்லையாம். மேடைக்குப் பின்னால் பரிதியைத் தனியாகக் கேட்டானாம், அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஆமாம் என்றாராம். "ஆனா அதை முதல்ல படிச்சப்பவே எனக்கு உங்க குரல்லதான் கேட்டுச்சு. அப்புறம் இல்லைன்னு தோணும். ரெண்டுமே நிச்சயமா இல்லை. என்னால இப்படி இருக்க முடியலைக்கா."

முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரு விளையாட்டில் பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் இரண்டு நாள் சோறு இறங்காதவன் இவன்.

ஆமாம் என்றால் அவனும் பரிதியும் சேர்ந்து கவிழ்வார்கள். அதற்குத்தான் வந்தேன். ஆனால் இவனுக்குத் தெரிந்துவிடும். 'நான் ஏமாந்த கதை' என்று அதற்கும் ஒரு வீடியோ போடுவான், அதற்கும் லட்சம் பேர் வருவார்கள். இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்குவான். இரண்டையும் அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

சிரித்தேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, எழும்பூர் போகச் சொன்னேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஆமாவா இல்லையா" என்று இரண்டு தப்படி கூடவே வந்தான். பிறகு விட்டுவிட்டான்.

ரயிலில் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 16, புதன்

வினோபாவிடமிருந்து செய்தி. "ஒரு எழுத்து போடுங்கக்கா, போதும்."

படித்தேன். பதில் போடவில்லை. நான் படித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அது தெரிவதுதான் முக்கியம்.

ஜூலை 19, சனி

காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பரிதி பேட்டிமேல் பேட்டி கொடுக்கிறார். வினோபா வீடியோ போடவில்லை. ஆமாம் என்று நம்பினால் ஒரு வீடியோ, இல்லை என்று நம்பினால் வேறு வீடியோ. எதையும் எடுக்கமுடியாமல் உட்கார்ந்திருப்பான். ஆறு மாசத்தில் இன்றுதான் எனக்கு வயிறு குளிர்ந்தது.

இவர் மறுபடி கேட்டார், அந்தப் பையனோடு பேசினாயா என்று. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று செய்தி வரவில்லை. கடையில் ஃபோனைக் கல்லாப்பெட்டி மேலேயே வைத்திருந்தேன். சார்ஜ் சரியாகத்தான் இருந்தது, சிக்னலும் இருந்தது. இரண்டு பேருக்கு ஃப்ரேமை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

இன்று சாயங்காலம் நடந்து வரும்போது வந்தது. வரியைப் பற்றி ஒன்றுமில்லை. "எப்படி இருக்கீங்கக்கா?" என்று மட்டும்.

இது புதுத் தந்திரம். இதற்கெல்லாம் நான் மசியமாட்டேன். படித்தேன், இன்னொரு தடவை படித்தேன், ஃபோனை மூடி வைத்தேன். பதில் கிடையாது. சாகிறவரை கிடையாது.

நாளைக்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.